காலித் தட்டின் சத்தம்

காலித் தட்டு சத்தம் போடும். சோறு விழுந்த தட்டு போடாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வாளி தூக்கியவள் நான். உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இது தெரிந்திருந்ததால்தான் ஒரு பெண் பிள்ளை படிப்பை விட்டு நின்றுபோகாமல் இருந்தாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்தல் ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். எழுதுவது கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் உண்டு. மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் கையில் தட்டோடு வரிசையில் வந்து நிற்பார்கள். சமையல்காரம்மா சோறு போடுவாள். அவள் பக்கத்தில் நான் இரண்டு பாத்திரங்களோடு நிற்பேன். ஒன்றில் முட்டை, ஒன்றில் வாழைப்பழம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குப் பழம் கொடுக்க வேண்டும் என்பது விதி. "முட்டையா, பழமா?" என்று நான் கேட்பேன். பிள்ளை சொல்லும். அதைத் தட்டில் வைப்பேன்.

இதில் என்ன கேட்பதற்கு இருக்கிறது, தினமும் பார்க்கிற பிள்ளைகள்தானே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. நேற்று முட்டை தின்ற பிள்ளை இன்று தின்னாது. இன்று கிருத்திகை என்று ஒன்று சொல்லும். பிரதோஷம் என்று ஒன்று சொல்லும். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் பழத்துக்குப் போய்விடுவார்கள். புரட்டாசி வந்தால் முட்டைப் பாத்திரம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமி, ஒவ்வொரு சாமிக்கும் ஒரு நாள். அதனால் தினமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிள்ளையும் வாய் திறந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். நெசவாளி வீட்டுப் பிள்ளை. ரெட்டைச் சடை, சடை நுனியில் பழைய ஜரிகைத் துண்டு கட்டியிருக்கும். அவளுக்குப் பேச்சு திக்கும். எல்லா வார்த்தையும் இல்லை. சில எழுத்தில் போய் மாட்டிக்கொள்ளும். 'ப' அவளுக்கு ஆகாது. முதல் நாள் "ப... ப... ப..." என்று நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கழுத்து நரம்பு தெரிய நின்றாள். நான் பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. காலையில் பிரார்த்தனைப் பாட்டுப் பாடுகிறவள் அவள்தான். நல்ல குரல், நல்ல தாளம். காலித் தட்டில் விரல் நகத்தால் தட்டினாள். கடக் கடக் கடக் கடக்.

"இன்னா இது, பவர்லூம் ஓடுது?" என்றாள்.

வரிசையே சிரித்தது.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு கேலி, அவ்வளவுதான். எங்கள் தெருவில் அப்படி இல்லை. இங்கே எல்லா வீட்டிலும் கைத்தறிதான். கைத்தறிக்கு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் உண்டு. நெய்கிறவன் இருமினால் அதுவும் நின்று இருமும். பவர்லூம் மின்சாரத்தில் ஓடுகிற தறி, அது அப்படி நிற்காது. ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். கைத்தறிப் பட்டு என்று சொல்லி யாராவது அதில் நெய்ததை விற்றால் எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போவார்கள். அந்தப் பெயரை ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு வைத்தால், அது அவள் அப்பா காது வரைக்கும் போய்க் குத்துகிற பெயர்.

ஒரே வாரத்தில் அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. அவள் வாய் திறந்தால் போதும், எங்கிருந்தாவது கடக் கடக் கேட்கும். வகுப்பில் பெஞ்சில் தட்டுவார்கள். வரிசையில் தட்டில் தட்டுவார்கள். யார் ஆரம்பித்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் தட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் செய்தால் யாரைப் பிடிப்பது?

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் தட்டு கழுவ வந்தபோது கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன். "இதோ பாரும்மா. நீ ஒண்ணும் பேச வேணாம். தட்டை நீட்டு, போதும். ஆயா பாத்து வச்சிட்றேன்."

அவள் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து தட்டை நீட்டினாள், நான் வைத்தேன். அவள் வாய் திறக்கவில்லை, அதனால் தட்டுச் சத்தமும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை. வீட்டில் என் மருமகளிடம்கூடச் சொன்னேன்.

ஆறாம் வகுப்பு டீச்சரும் அதே மாதிரி ஒரு வழி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சின்ன வயசு டீச்சர் அவர். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், மனசு நல்ல மனசு. வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பெண்ணிடம் மட்டும், "நீ கையைத் தூக்கு, போதும்" என்று சொல்லியிருந்தார். பாடம் வாசிக்கச் சொல்லும்போது அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விடுவார். ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, ரொம்ப அன்பாக, அந்தப் பிள்ளையின் வாயை நாங்கள் கட்டிவிட்டோம். நாலு மாதத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஆனது. யாரும் கேலி செய்யவில்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஒரு கிருத்திகை வந்தது. அதுவரை விசேஷ நாள் பார்த்துப் பழம் வைத்துவந்த எனக்கு அன்று ஞாபகம் இல்லை. வரிசையில் அந்தப் பெண் தட்டை நீட்டினாள். முந்தின நாள் முட்டைதானே வைத்தோம் என்று முட்டையை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவன் "நகரு நகரு" என்றான். அவள் நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வந்துவிட்டாள். தலைமை ஆசிரியை அறையில் அவள் பேசியது சமையல் கூடம் வரைக்கும் கேட்டது. பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேசை மேல் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் திறந்து கிடந்தது. உள்ளே காம்பஸுக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் மசாலா ஒட்டிய முட்டை. ஒரு நாள் ஆன வாசனை.

"நான் மாசா மாசம் கிருத்திகை விரதம் இருக்கிறேன் டீச்சர்" என்றாள் அந்த அம்மா. "பச்சைத் தண்ணி பல்லுல படாம இருக்கிறேன். எதுக்கு? இதோட நாக்கு திருந்தணும்னு முருகன்கிட்ட கேட்டுக்கினுதான். அன்னிக்கி வீட்ல எவனும் முட்டையத் தொட மாட்டான். இங்க இன்னான்னா இதுக்கு முட்டை வச்சிருக்கீங்க."

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். 

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே அம்மா" என்று அந்தப் பெண்ணிடம் தலைமை ஆசிரியை கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். அவளுக்குப் பதிலாக அம்மாதான் பேசினாள்.

"அதத்தான் நானும் கேட்டேன். ராத்திரி பூரா கேட்டேன். அப்புறம் நோட்டுல எழுதிக் காட்டுது. 'ஆயா பேச வேணாம்னு சொல்லிட்டாங்க'ன்னு எழுதுது. வேணாம்னு ஒரு வார்த்த. அத்தச் சொல்லக்கூட இதுக்கு இங்க வாய் இல்லாம போச்சு."

அந்த வார்த்தை என் மேல் விழுந்தது.  

அந்த அம்மா முந்தானையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். டி.சி. கேட்டு எழுதிய கடிதம். "படிச்சது போதும். வீட்ல இருந்து நூல் சுத்தட்டும். நூலு இன்னா, பேசு பேசுன்னு கேக்கப் போவுதா?"

தலைமை ஆசிரியை கெட்டிக்காரர். கோபப்படவில்லை. கடிதத்தை எடுத்து மேசை டிராயரில் வைத்தார். "அரையாண்டுப் பரீட்சை முடியட்டும்மா. அதுவரைக்கும் அனுப்புங்க. அப்புறமும் வேணும்னு சொன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். அந்த அம்மா யோசித்துத் தலையாட்டினாள். பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு இங்கே வாய் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அவள் ராட்டையில் உட்கார்ந்துவிடுவாள். விஷயம் அவ்வளவுதான், அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அம்மா வந்துபோன விஷயம் பரவி, அன்று மதியம் வரிசையில் மறுபடி தட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த நாள் பிரார்த்தனையில் தலைமை ஆசிரியை, ஆரம்பித்தது யார் என்று விசாரித்து, அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணை முன்னால் வரச் சொன்னார். எல்லோர் எதிரிலும் முட்டி போட வைத்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவளும் கேட்டாள். பாட்டுப் பாடுகிற அதே குரலில் கேட்டாள்.

தட்டுச் சத்தம் அன்றோடு நின்றது. ஆசிரியர்கள் எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் வரிசைக்கு எதிரே முகம் பார்த்து நிற்கிறவள் நான்தான். ஆசிரியர்கள் பக்கவாட்டில் நிற்பார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளின் முதுகும் தோளும் தெரியும். எனக்கு விரல் தெரியும். அந்தப் பெண் வரிசையில் முன்னால் வரும்போது, பின்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. கடக் கடக் என்று விரல் மட்டும் போனது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அப்போது ஒன்று கவனித்தேன். எல்லா விரலும் ஒரே மாதிரி தட்டவில்லை. முதலில் இரண்டு மூன்று பிள்ளைகள் தட்டுவார்கள். மற்றவர்கள் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்ப்பார்கள். பார்த்த பிறகுதான் அவர்கள் விரல் அசையும்.

அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு கண் சற்றே சாய்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் கேலி செய்வார்கள். நான் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். வாயைக் கையால் மூடிக்கொண்டு, யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்தது நான்தான் என்று பயம். கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். அவள் பாதியில் நின்றுவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்பை முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, வரிசையில் எப்போதும் அவளுக்குப் பின்னால் நிற்கிற பெண் தட்டு கழுவ வந்தாள். அதே ஆறாம் வகுப்பு. துறுதுறு என்று இருப்பாள். யாரும் பக்கத்தில் இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, அந்தப் பொண்ண உனக்குப் பிடிக்காதா?"

"யாரை? பவர்... அவளையா? பிடிக்கும் ஆயா. எனக்குக் கோலம் போட்டுக் குடுப்பா."

"அப்புறம் ஏன் தொடையில தட்டற?"

அவள் கை நின்றது. நான் பார்த்திருப்பேன் என்று அவள் நினைக்கவில்லை. 

"தட்டலன்னா எனக்கும் பேர் வச்சிடுவாங்க ஆயா. எனக்கு முன்பல்லு வேற இப்படி இருக்குது."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்குது. எனக்குத்தான் பிடிக்கல."

சரி போ என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கேட்டேன். வாளி தூக்க உதவி செய்கிற சாக்கில் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். "எனக்கு மட்டும்தான் ஆயா பிடிக்கல. மத்தவங்களுக்கு ஜாலியா இருக்குது." அப்புறம் இன்னொருத்தியைக் கேட்டேன். அதே பதில். யாரைக் கேட்டாலும் 'எனக்கு மட்டும்' என்றார்கள். எல்லோருக்கும் எனக்கு மட்டும் என்றால், பிடித்தவன் எவன்?

இதைப் போய் யாரிடம் சொல்வது? தலைமை ஆசிரியை அறைக்குள் போய்ப் பேச எனக்கு வராது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கும்போது சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் ஆறாம் வகுப்பு டீச்சர் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் போனேன். அவர் நின்றிருந்தார். நான் நாலு அடி தள்ளி நின்றேன். பஸ் ஒன்று வந்து போனது. கூட்டம் என்று அவர் ஏறவில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

"இன்னா ஆயா, எங்கியாவது போறீங்களா?" என்று அவரே கேட்டார்.

"இல்ல டீச்சர். உங்ககிட்டதான்."

சொன்னேன். விரல் தட்டுவதைச் சொன்னேன். பிள்ளைகள் சொன்னதைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். கடைசியில், "நானும் தப்பு பண்ணேன், நீங்களும் தப்பு பண்ணீங்க டீச்சர். அதுகிட்ட பேசாதேன்னு நாமதான் சொன்னோம்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. ஒரு படித்த பெண்ணிடம் நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று சொன்னேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

டீச்சர் அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை. "நாளைக்கி எனக்கு ஒரு காலி டப்பா குடுங்க ஆயா" என்றார்.

கல் உப்பு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன். டீச்சர் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் போனார். அந்தப் பெண்ணை அந்த நேரத்தில் சாக்பீஸ் வாங்கிவர என்னோடு கடைக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், தட்டுவது உனக்குப் பிடித்திருக்கிறதா, ஏன் தட்டுகிறாய், இந்த இரண்டை மட்டும் எழுது என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது, டீச்சர் முன்பே சொல்லியிருந்தபடி அவள் நேராக நூலகத்துக்குப் போனாள். நான் ஆறாம் வகுப்பு ஜன்னல் ஓரம் நின்றேன்.

டீச்சர் டப்பாவிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்தார். திட்டவில்லை, விளக்கவில்லை, வாசிக்க மட்டும் செய்தார். "எனக்குப் பிடிக்கல, பயமா இருக்கு." "பிடிக்கல, எல்லாரும் தட்றாங்க." "பிடிக்கல." "எனக்குப் பாவமா இருக்கு, ஆனா தட்டுவேன்." "பிடிக்கல." ஒரு சீட்டில், "ஜாலிதான்" என்று இருந்தது. அதையும் அதே குரலில் வாசித்தார். அப்புறம் மறுபடி, "பிடிக்கல", "பிடிக்கல".  பாதி டப்பா வரும்போது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த முறை அது வேறு பார்வை.

"நீயுமா?" என்று முன்பல் பெண் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, இனி தட்ட மாட்டார்கள் என்று. பயம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருந்தால்தான் பெரிசாக இருக்கும். எல்லோரிடமும் இருப்பது தெரிந்தால் அது பாதியாகிவிடும்.

ஆனால் தட்டுவது நின்றால் மட்டும் போதாது. அவள் பேச வேண்டும். அதற்கு என் வேலையை நான்தான் மாற்ற வேண்டும்.

வரிசையை எடுத்துவிடலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். கல்யாணப் பந்தி மாதிரி பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்காரட்டும். தட்டு தரையில் இருக்கட்டும். முதலில் எல்லோர் தட்டிலும் சோறு விழட்டும். அப்புறம் நான் ஒவ்வொருவரிடமும் வந்து முட்டையா பழமா என்று கேட்கிறேன். கையில் காலித் தட்டோடு, பசியோடு, பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு நிற்கும்போதுதான் விஷமம் எல்லாம் வருகிறது. எதிரில் சோறு இருக்கிற பிள்ளைக்கு அடுத்தவள் மேல் அவ்வளவு அவசரம் இருக்காது. தட்டினாலும் தட்டு ஒலிக்காது.

தலைமை ஆசிரியை சரி என்றார். சமையல்காரம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு இன்னா கிறுக்கா? இத்தினி பேருக்கும் குனிஞ்சு குனிஞ்சு போடறதுக்கு உன் முட்டி தாங்குமா?"

"தாங்கும்."

"தாங்கலன்னா என்னத்தான கூப்புடுவ."

"கூப்புட்டா நீ வர மாட்டியா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். முதல் இரண்டு வாரம் முட்டிக்குத் தைலம் போட்டது அவளுக்குத் தெரியாது.

முதல் நாள் அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். "முட்டையா, பழமா?" அவள் வழக்கம்போலத் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். நான் வைக்கவில்லை. குனிந்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆயா தப்பா சொல்லிட்டேன்மா அன்னிக்கி. நீ சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லு. நான் இங்கியேதான் நிக்கப் போறேன்."

அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த முன்பல் பெண், "பழம் ஆயா, கார்த்திகை மாசம் அவங்க வீட்ல முட்டை கிடையாது" என்றாள். "நீ சொல்லாத, அவ சொல்லட்டும்" என்றேன். நின்றேன். முட்டி வலித்தது. பந்திக் கடைசியில் இருந்தவர்கள் "ஆயா, எங்களுக்கு" என்றார்கள். "வரேன் இரு" என்றேன். கடைசியில் அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டாள், வேண்டாம் என்று. நான் நகர்ந்தேன். அன்று அவளுக்கு முட்டையும் இல்லை, பழமும் இல்லை.

இரண்டாம் நாளும் அதேதான். அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பசிக்கிற பிள்ளைக்குக் கொடுக்காமல் தாண்டிப் போவது எவ்வளவு பாவம் என்று பரிமாறுகிறவளுக்குத்தான் தெரியும். கையில் எடுத்த பழத்தை வைத்துவிடலாமா என்று விரல் துடித்தது. வைக்கவில்லை. வைத்தால் பழைய இடத்துக்கே போய்விடுவோம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடினாள். கழுத்து நரம்பு தெரிந்தது. "ப..." என்றாள். தாழ்வாரம் முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அமைதியே ஒரு மாதிரி இருந்தது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று. நான் திரும்பி, "சோறு ஆறுது, சாப்புடுங்க" என்று சொன்னேன். பிள்ளைகள் சாப்பிடத் தொடங்கினார்கள். சாப்பிடுகிற சத்தத்துக்கு நடுவில் "ப... ப... பழம்" என்று வந்தது. அவள் அதைச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பாட்டுக்காரி நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தாள்.

பாட்டுக்காரி அன்று தட்டு கழுவக் கடைசியாக வந்தாள். "ஆயா, நான் ஒரு நாள்தான் ஆரம்பிச்சேன்" என்றாள். "அப்புறம் நான் தட்டலன்னாலும் தட்னாங்க. நிறுத்துங்கன்னு சொன்னா என்ன இன்னா சொல்லுவாங்களோன்னு இருந்துச்சு."

"பெரிய டீச்சர் முட்டி போட வச்சாங்களே?"

"அப்ப அவ மேல இன்னும் கோவம் வந்துச்சு" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை. நான் அவளைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பழப் பாத்திரத்தை அவள் தூக்கி வரட்டும் என்றேன். முட்டையோடு நான் குனிவேன், பழத்தோடு அவள் குனிவாள். அந்தப் பெண்ணின் எதிரில் வரும்போது இரண்டு பேரும் காத்திருப்போம். பாட்டுக்காரிக்குப் பொறுமை கிடையாது. முதலில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். பத்துப் பதினைந்து நாளில் பழகிவிட்டது.

திக்கல் போகவில்லை. அதை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் அவளுக்குப் 'ப' வந்தால் மாட்டும். ஆனால் மாட்டினாலும் நிறுத்த மாட்டாள். வகுப்பில் டீச்சர் இப்போது எல்லோருக்கும் வைக்கிற அதே முறையை அவளுக்கும் வைத்தார். உள்ளேன் டீச்சர் என்று அவளும் சொன்னாள். அவள் முறை வரும்போது டீச்சர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாராம்.

எங்களுக்கு வியாழக்கிழமைதான் சாதமும் சாம்பாரும். மற்ற நாளெல்லாம் கலந்த சாதம். பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை எல்லோருக்கும் ஒரு முறை ஊற்றிவிட்டு, மிச்ச சாம்பார் வாளியையும் முட்டைப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முட்டையா பழமா என்று கேட்பதற்கு முன்னாலேயே அவள் வாயைத் திறந்தாள்.

"ஆ... ஆயா. சா... சா... சாம்பார்ல..."

நின்றது. நான் நின்றேன். பாட்டுக்காரி நின்றாள். முன்பல் பெண் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பார்ல உ... உ... உப்பே இல்ல."

 பாட்டுக்காரி வாளிக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஆமா ஆயா. வாயில வைக்க முடியல."

தாழ்வாரமே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு ஓடிப் போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். அன்று தோன்றவில்லை. நான் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான், உப்பு சுத்தமாக இல்லை. எத்தனை பிள்ளைகள் அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். சமையல்காரம்மா, "இன்னா திரும்பி வர?" என்றாள். "சொல்ல வேண்டியவ சொல்லிட்டா, உப்ப எடு" என்றேன்.

பரீட்சை முடிந்த அன்று அவளுடைய அம்மா வந்தாள். தலைமை ஆசிரியை டிராயரைத் திறந்து, மடித்த கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. என்னைத் தேடிக்கொண்டு சமையல் கூடத்துக்கு வந்தாள்.

"நீங்கதான அந்த ஆயா? உங்க சாம்பார்ல உப்பே இல்லியாமே" என்றாள்.

"அன்னிக்கி ஒரு நாள் மறந்துட்டோம்மா."

"அந்த ஒரு நாளத்தான் எனக்கு ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்குது. நீங்க வாளியத் தூக்கினு திரும்பிப் போனது, அந்தப் பாட்டுப் பாடற பொண்ணு சொன்னது, எல்லாம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவ்ளோ நேரம் ஆவுது. நான் அடுப்ப அணைச்சிட்டு உக்காந்து கேக்கறேன்."

பிறகு தலைமை ஆசிரியை அறைக்குத் திரும்பிப் போனாள், நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். கடிதத்தை எடுத்தாள். இரண்டாகக் கிழித்து, கிழிந்ததைக் குப்பையில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். மகள் காலையில் பாதி தின்று வைத்த இட்லி டிபன் பாக்ஸை, வந்தபோது மேசையில் வைத்து மறந்திருந்தாள். அதையும் எடுத்துக்கொண்டு, "லீவு முடிஞ்சு வர வெள்ளிக்கிழம கிருத்திகை ஆயா, அதுவே சொல்லும், இருந்தாலும் நீங்களும் ஞாபகம் வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை நான் குனிவதற்குள் அவளே பழம் என்று சொல்லிவிட்டாள்.